தொடண்டா

காரை வாங்கும் முன்பே, அதற்குச் சார்ஜர் எப்படி வைப்பது என்ற சண்டை எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது.

என் கணவர் மட்டாஞ்சேரியில் டாக்சி ஓட்டுகிறவர். கப்பலில் வந்து இறங்குகிறவர்களையும் விடுதிகளில் தங்கியிருப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஊர் சுற்றிக் காட்டுவார். பழைய டீசல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் எடுக்கப்போவதாக அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம், வாஷிங் மெஷின் ஓடுகிற பிளக்கில் ஒரு நீள வயரைச் செருகினால் போதும் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அத்தா, இந்த வீட்டுல எர்த்து இல்ல," என்றாள் மகள்.

எங்கள் வீடு அவருடைய வாப்பா காலத்துக்கும் முந்தியது. உத்தரத்தை ஒட்டி மரப்பட்டையில் ஆணி அடித்து வயர் இழுத்த வீடு. பிறகு வந்தவர்கள் அதன் மேலேயே ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டார்கள். மூன்று கால் பிளக் எல்லா அறையிலும் உண்டு. மூன்றாவது காலுக்குப் பின்னால் கம்பி இல்லை. அந்த விஷயமே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்து மூன்று வருடமாக அந்தப் பிளக்குகளில்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்தவள். வயர்மேன் பெர்மிட்டும் எடுத்திருக்கிறாள். திருப்பூணித்துறைக்காரரான ஒரு கான்ட்ராக்டரிடம் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். இதுவரை மற்றவர்களோடு போய் ஏணி பிடித்தும் குழாயில் வயர் இழுத்தும்தான் பழக்கம். எங்கள் வீட்டு வேலையைத் தனியாகச் செய்து முடிக்கட்டும், தான் வந்து பார்த்து மின்வாரிய ஆபீசுக்குப் போகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். வேலை சரியாக இருந்தால் இனிமேல் வீடுகளுக்கு அவளைத் தனியாக அனுப்புவார். இல்லையென்றால் மறுபடியும் ஏணி பிடிக்க வேண்டியதுதான். அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னதாக மகள் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தென்காசிப் பக்கத்துக்காரி, திருநெல்வேலியில் பி.காம். படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தேன். சுள்ளிக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் மதியம் வரை நிற்கிறேன். மகள் இங்கே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிப்பதற்குத் திணறுவாள். அவள் பேசுவது தமிழ்தான், ஆனால் மட்டாஞ்சேரித் தமிழ். அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. இந்த ஊரில் அதை வைத்துக்கொண்டே எல்லாம் நடந்துவிடுகிறது. எனக்கும் வயதாக வயதாகப் பேச்சு அப்படித்தான் ஆகிக்கொண்டு வருகிறது. ஊருக்குப் போனால் தங்கச்சி கேலி செய்வாள்.

மகளுடைய திட்டம் இது: மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி வயர். வீட்டின் பழைய வயரோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் கூடாது. காருக்கென்று தனியாக ஒரு எர்த்துக் குழி. அப்புறம் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு இ.எல்.சி.பி. அதாவது, மின்சாரம் வழி தவறி ஒரு ஆளின் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கப் பார்த்தால் கண் மூடித் திறப்பதற்குள் இணைப்பை அறுத்துவிடுகிற சின்னப் பெட்டி.

முதல் இரண்டுக்கும் நான் தலையாட்டினேன். மூன்றாவதுக்கு ஆட்டவில்லை.

காரணம் உண்டு. முன்பு எங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டி இருந்தது. மழைக்காலம் வந்தால் சுவர் ஈரமாகும், பெட்டி விழுந்துவிடும். கிரைண்டர் போட்டால் விழும். மிக்சி போட்டால் விழும். ஒரு பெருநாள் காலையில் மாவு பாதி அரைந்த நிலையில் நாலு தடவை விழுந்தது. நான் போட்ட கூச்சலில் என் கணவர் தெருமுனையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பெட்டியைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு விழவே இல்லை. தொல்லை விட்டது என்று நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

"அது சும்மா சும்மா விழும். அத்தா விடியக்காலம் விமானத்தாவளத்துக்கு ஆள் எடுக்கப் போவணும், கார்ல சார்ஜ் இருக்காது. அப்ப யாரு பதில் சொல்லுறது?" என்று கேட்டேன். மறுநாளும் கேட்டேன். மூன்றாவது நாள் அவள் ஒரு ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்துவிட்டு, "அம்மா, அது சும்மா விழல. நம்ம வயர் ஒழுகுது, அதான் விழுந்துச்சு. அது சொன்னத நீங்க கேட்கல," என்றாள். அதோடு பேச்சை விட்டேன். ஒத்துக்கொண்டதாக இல்லை, வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

குழி தோண்டவும், சுவரைக் கொத்திக் குழாய் பதித்துப் பூசவும் ஒரு கொத்தனார் வந்தார். சங்கரன்கோவில் பக்கம். தோப்பும்படியில் ஒரு கட்டிட வேலைக்காகக் கேரளத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். எங்கள் வாசலில் என் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்த விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அக்கா, மூணு மாசமா சைகையிலேயே பொழப்பு ஓடுது," என்றார்.

ஆனால் அவருக்கு வேலை சொல்ல வேண்டியவள் நானல்ல, மகள். அது அவருக்கு முதல் நாள் முழுவதும் ஒரு வேடிக்கையாக இருந்தது. நீலச் சட்டையும் இடுப்பில் பையுமாக இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இங்கே கொத்துங்கள், இங்கே வேண்டாம் என்று சொல்வதை அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கொத்தினார். அவள் சொன்ன கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. நல்ல வேலைக்காரர்.

இருவருக்கும் இடையில் பேச்சுத்தான் முட்டும். "என்ன பாப்பா இது? தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல நிக்குது," என்றார்.

"நடுவுல நிக்கிறதுதான் நியூட்ரல் அண்ணா. அதில்லாம ஒண்ணும் கத்தாது," என்றாள் அவள்.

எரியாது என்பதற்கு இங்கே கத்தாது என்று சொல்வோம். அவர் அதைச் சத்தம் போடாது என்று எடுத்துக்கொண்டு, "வயர் ஏன் பாப்பா கத்தணும்?" என்று கேட்டார். நான் அடுக்களையில் நின்று சிரித்தேன். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

குழி தோண்டியதும் ஒரு கதை. எங்கள் பக்கம் மண்வெட்டியை நாலு முறை போட்டால் தண்ணீர் வந்துவிடும். காயலுக்கு அவ்வளவு பக்கம். முழங்கால் ஆழத்திலேயே உப்புத்தண்ணீர் ஊறுவதைப் பார்த்துக் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டார். மகளோ எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ஈரமும் உப்பும் எர்த்துக்கு நல்லதாம். கரண்டையும் தண்ணீரையும் ஒரே குழியில் சேர்த்து வைக்கப்போகிறாளே என்று நான் குழியை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன். கொத்தனார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவள் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

இடையில் ஒருநாள் அவளுக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கொத்தனாரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் கரண்டியும் சட்டியுமாக வாசலில் நின்றார். பாப்பா வரச்சொன்னதாகச் சொன்னார். மகள் சொன்னதை நானும் கேட்டிருந்தேன் என்பதால், மனிதர் மறந்துவிட்டார் போல என்று எண்ணி, ஒரு கட்டன் சாயா கொடுத்து அனுப்பினேன். அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் வேலை முடிகிற நாள். வெள்ளிக்கிழமை. என் கணவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். நான் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். கார் மறுவாரம் வருவதாக இருந்தது.

வீட்டின் இடப்பக்கம் ஒரு ஒடுக்கமான நடை. முன்னால் மீட்டர் பெட்டி. நடையின் பின்கோடியில் கார் ஷெட். ஷெட்டுச் சுவரில் சார்ஜர் பெட்டியை மாட்டியாகிவிட்டது. அதன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மகள் லைனில் கரண்டு கொடுத்து, கையில் மீட்டரோடு அளந்துகொண்டிருந்தாள். கொத்தனார் அதன் பக்கத்துச் சுவரில் கொத்திய பள்ளத்தைப் பூசிக்கொண்டே வந்தார். பூசும் முன் சுவரில் தண்ணீர் அடிப்பார்கள். தரையெல்லாம் ஈரம். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். செருப்போடு பூச்சு வேலை செய்ய அவருக்குப் பழக்கமில்லை.

மகளுக்கு மீட்டரில் எண் திருப்தியாக இல்லை. முன்னால் ஏதோ ஒரு திருகு இறுகவில்லை என்று தோன்றியிருக்கிறது. அதைப் பார்க்க நடை வழியாக முன்பக்கம் போனாள். லைனை அணைக்காமல் போனாள்.

நான் அடுக்களை வாசலில், நடைக்கு நட்டநடுவில், இரண்டு டம்ளர் சாயாவோடு நின்றிருந்தேன். எனக்கு வலப்பக்கம் கொத்தனார் தெரிந்தார். இடப்பக்கம் மகளின் முதுகு தெரிந்தது. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிற நிலையில் இல்லை.

"பாப்பா, இந்த வயரு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. உள்ள தள்ளிட்டுப் பூசவா?" என்று அவர் உரக்கக் கேட்டார்.

அவள் தலையைப் பெட்டிக்குள் வைத்தபடியே, "தொடண்டா அண்ணா," என்றாள்.

"சரி பாப்பா," என்றார் அவர்.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அங்கிருந்து வந்தவள்தானே. எங்கள் ஊர்ப் பேச்சில் 'தொடணும்டா' என்பதை வேகமாகச் சொன்னால் 'தொடண்டா' என்றுதான் விழும். மட்டாஞ்சேரியில் 'தொடண்டா' என்றால் தொட வேண்டாம். வரண்டா, போகண்டா, இடண்டா எல்லாம் அப்படித்தான். நடுவிலுள்ள 'வே'யும் கடைசி 'ம்'மும் கழன்று போயிருக்கும். எனக்கு இரண்டு பேச்சும் தெரியும். அந்த நடையில் நின்றவர்களில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவர் சொன்ன 'சரி' என் காதில் விழுந்தது. தொடாதே என்றாலும் சரி என்பார்கள், தொடு என்றாலும் சரி என்பார்கள். அந்த 'சரி' எந்தச் சரி என்று எனக்கு உறைப்பதற்கு, கையிலிருந்த டம்ளர் சாய்கிற நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்.

முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். கொத்தனார் யாரோ பிடித்துத் தள்ளியது போலப் பின்னால் போய் ஈரத்தில் உட்கார்ந்தார். கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

யா அல்லா என்று கத்திக்கொண்டு நான் அவரைப் பிடிக்க ஓடினேன். சாயா எல்லாம் என் சேலையில்.

"அம்மா, தொடண்டா!"

நான் நின்றுவிட்டேன். அதே சொல்தான். அவருக்குத் தொடு என்று கேட்ட சொல், என் கால்களைத் தரையில் அறைந்து நிறுத்தியது. திரும்பிப் பார்த்தால், மகள் எங்கள் பக்கம் ஓடி வரவில்லை. மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் எனக்கு அவள் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரு மனிதர் விழுந்து கிடக்கிறார், இவள் சுவரைப் பார்த்து நிற்கிறாளே என்று. இழுத்த பிறகுதான் ஓடி வந்தாள். அப்போதும் முதலில் டெஸ்டரை அந்த வயர் முனையில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மண்டியிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணா, பேரு சொல்லுங்க. உங்க பேரு."

அவர் பேரைச் சொன்னார். ஊரையும் சேர்த்துச் சொன்னார். பிறகு, "பாப்பா, சட்டி கவுந்துருச்சு," என்றார். சிமெண்டைத்தான் சொன்னார்.

விரல் நுனியில் ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளையாக இருந்தது. வேறொன்றும் இல்லை. எழுந்து நின்றார், நடந்தார், வேலையை முடித்துவிடுகிறேன் என்றார். மகள் விடவில்லை. ஷாக் அடித்தவரை, நன்றாக இருக்கிறேன் என்று அவரே சொன்னாலும், ஆஸ்பத்திரியில் காட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆட்டோ பிடித்தாள். மருந்துக் கடையில் நிற்கிறவள் நான். அது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும். நான் சேலையில் கொட்டின சாயாவைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுதும்போதும் அந்த 'டக்' வருகிற இடத்தில் பேனா நின்று நின்றுதான் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த கொத்தனார், பக்கத்தில் நின்ற மகளை ஏறிட்டுப் பார்த்து, வருத்தத்தோடு கேட்டார்.

"நீங்கதான பாப்பா தொடணும்டான்னு சொன்னீங்க?"

மகளுக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். அவள் முகம் வெளிறியது. அவர் தொடர்ந்து, "அஞ்சு நாளா 'டா' போட்டுத்தான் பேசுறீங்க. அண்ணாங்குறீங்க, கூடவே டாவும் போடுறீங்க. இந்த ஊரு மரியாத இப்புடிப் போலன்னு விட்டுட்டேன். அன்னிக்கு வரணும்டான்னீங்க, வந்தேன். அக்கா சாயா குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மகள் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் தவித்துப்போய், "போட்டாப் போடுங்க பாப்பா, நான் ஒண்ணும் நெனைக்கல," என்றார்.

சாயங்காலம் அவரை அவர் இடத்துக்கு ஒரு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நாங்கள் வரும் வழியில் ஆட்டோவில் நான் என் வேலையைத் தொடங்கினேன். எதையும் மறைத்துக் காப்பாற்றப் பார்க்கும் வேலை. கொத்தனார் நன்றாக இருக்கிறார். விஷயம் நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அத்தாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். கான்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வேலையிலேயே ஆளுக்கு ஷாக் அடித்தது என்று தெரிந்தால் அந்த மனிதர் எதற்குக் கையெழுத்துப் போடுவார்? அப்படியே கேட்டாலும் பேச்சு புரியாமல் நடந்தது என்று சொல்லலாமே. உண்மையும் அதுதானே. தமிழ்நாட்டுக்காரர், இவள் சொன்னது அவருக்கு வேறாகக் கேட்டது, இதில் இவள் தப்பு என்ன இருக்கிறது? தோப்பும்படிப் பாலம் தாண்டும்வரை இப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் இறங்கியதும் சொன்னாள்.

"அம்மா, வார்த்த தப்பா கேட்டது அவருக்கு. மெயினை அணைக்காம போனது நான். நான் அணைச்சிருந்தா, தொடுன்னு சொன்னாலும் அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

எனக்குள் அப்போது வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அணைக்காமல் போனாள், சரி. அவளையும் மிஞ்சி அந்த மனிதரைக் காப்பாற்றியது எது? முன்பக்கச் சுவரில் 'டக்' என்று விழுந்த அந்தச் சின்னப் பெட்டி. சும்மா சும்மா விழும் என்று மூன்று நாள் நான் வேண்டாம் என்று சொன்ன பெட்டி. அம்மா சொல்கிறாளே என்று அவள் எனக்காக அதை விட்டிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நாங்கள் நின்றிருக்கும் இடம் வேறு. அதை நான் இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டதுதான். முற்றத்தில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் மலையாளத்தில் வரிசையாகச் சொன்னாள். லைன் ஆனில் இருந்தது, மூடி திறந்திருந்தது, தான் இடத்தை விட்டுப் போனது, ஆளுக்கு ஷாக் அடித்தது, ஆஸ்பத்திரியில் காட்டியது. 'தொடண்டா' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல், அதையும் சொல் என்று கையை ஆட்டினேன். அவள் பார்த்தாள். சொல்லவில்லை.

என் கணவர் வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் ஷெட்டுக்குப் போகவில்லை. கொத்தனார் தங்கியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து மகளிடம் ஒன்றும் கேட்காமல், அவள் தட்டில் மீன் வைத்தார். அவருடைய பேச்செல்லாம் அப்படித்தான்.

மறுநாள் காலை கான்ட்ராக்டர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். எல்லா மூடிகளையும் திறக்கச் சொல்லி ஒவ்வொரு திருகாகப் பார்த்தார். எர்த்தை அளந்தார். குழியில் எட்டிப் பார்த்தார். இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மூன்று தடவை அமுக்கினார். மூன்று தடவையும் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொத்தனாரும் வந்திருந்தார், வர வேண்டாம் என்று நானே தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தும் வந்திருந்தார். மிச்சப் பூச்சை வேறொருவன் கை வைத்துக் கெடுத்துவிடுவானாம். கான்ட்ராக்டர் அவர் விரலை வாங்கிப் பார்த்தார். கொத்தனார் தன்னுடைய தமிழில், பாப்பா மேல் தப்பில்லை, தன் காதுதான் கோளாறு என்று என்னென்னவோ சொன்னார். கான்ட்ராக்டருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

எல்லாம் முடிந்து கான்ட்ராக்டர் மகளை நேராகப் பார்த்தார்.

"பறஞ்ஞது நன்னாயி," என்றார். சொன்னது நல்லதாயிற்று என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னார்.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. கடைசிக் கட்ட வேலையை முழுக்கத் தன் கண் முன்னால் மறுபடி செய்யச் சொன்னார். அவர் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். மகள் மெயினை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டாள். அப்புறம் ஷெட்டுக்கு வந்து வயரைத் தொடும் முன் டெஸ்டர் வைத்தாள். மூடியைப் போட்டாள். நாலு திருகையும் முடுக்கினாள். கொத்தனாரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். பிறகு நடந்துபோய்ப் பூட்டைத் திறந்து லைனைக் கொடுத்தாள். ஒன்றிலும் அவசரம் இல்லை. முந்தின நாள் ஷாக் அடித்த அதே இடத்தில், அழுது வீங்கின முகத்தோடு, கை நடுங்காமல் ஒரு பெண் வேலை செய்வதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பெற்ற பிள்ளை என்ற பெருமையாக அது இல்லை. இப்படி ஒரு ஆள் என் வீட்டில் இத்தனை வருடம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

அதன் பிறகு அவர் காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் கார் அப்போது வந்திருக்கவில்லை, அவருடைய கார்தான். வேலை செய்தவர் என்ற இடத்தில் மகளையே பெயரும் பெர்மிட் எண்ணும் எழுதச் சொன்னார். கிளம்பும்போது ஏலூரில் ஒரு வீட்டு விலாசத்தையும் சொன்னார். திங்கட்கிழமை, அவள் தனியாகவே போகலாம் என்றார். அந்தப் பூட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறியதிலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை. எங்கள் வீட்டிலாவது நான் நடையில் நின்றேன். அங்கே யார் நிற்பார்கள்? இரண்டு பேருக்குத் தப்பான மாத்திரையை எடுத்து, நல்லவேளையாக நானே கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தேன். பதினொன்றரைக்குப் பொறுக்க முடியாமல் போன் போட்டேன். வேலை பாதி ஆகிவிட்டது, சாயா குடித்தாயிற்று என்றாள்.

"அங்க சுவர் கொத்துறவங்க எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் போட்டேன்.

"ஒடிஷா, அம்மா. ரெண்டு பேர். அவங்க பாஷை எனக்கு ஒண்ணும் தெரியாது, என் பாஷை அவங்களுக்கும் தெரியாது."

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுக்கு அது போனிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"பேடிக்க வேண்டாம் அம்மா. மெயின் பூட்டியிருக்கு. சாவி என் பாக்கெட்டுல," என்றாள். பயப்பட வேண்டாம் என்பதை இங்கே 'பேடிக்கண்டா' என்போம்; அவள் 'வேண்டாம்' என்று முழுதாகச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சீட்டை நீட்டிக்கொண்டு எதிரே ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: "என் மகள். வயர்மேன். ஏலூர்ல தனியா வேலை பார்க்கிறா."

அவர் நல்லது என்று சொல்லிவிட்டு இருமல் மருந்து கேட்டார்.